இரண்டு டாப், இரண்டு பேஸ்

கடந்த மூன்று மாதங்களில் நான் வாசித்த பக்கங்களில் பெரும்பகுதிக்கும் என் ஆய்வேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலிபெருக்கிகளின் விவரக்குறிப்புத் தாள்கள், சப்வூஃபர் பெட்டிகளின் எடைகள், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் என்று ஒரு தனிக் கோப்பே சேர்ந்துவிட்டது. புனேயில் என்னோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் சொந்தமாக நடமாடும் டிஜே அமைப்பு ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தார். இளங்கலையில் இயற்பியல் படித்தவன் என்ற ஒரே தகுதியால், எதை வாங்குவது என்று ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டிஜே என்ற சொல்லைக் கேட்டதும் நம் கல்விப்புலத்தார் பலர் முகம் சுளிப்பதை அறிவேன். அந்தச் சுளிப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்ததால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நண்பர் மராத்வாடாவின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றுபோன ஒரு பருவத்தில், வார இறுதிகளில் திருமணங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் டிஜே வாசிக்கத் தொடங்கினார். மடிக்கணினியும் சிறிய கன்ட்ரோலர் கருவியும் மட்டுமே அவருடையவை. ஒலிபெருக்கிகள் அனைத்தும் வாடகை. கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல் வாடகைக்கும் வண்டிக்கும் போய்விடும். சொந்தமாகப் பெட்டிகள் இருந்தால் இரண்டு திருமணப் பருவங்களில் முதலை எடுத்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கையில் இருந்தது 2 லட்சம் ரூபாய். அதில் 70,000 அவருடைய சேமிப்பு. மீதி 1,30,000 அவருடைய தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் பெற்ற கடன். பருத்தி எடுக்கும் கூலியிலிருந்து மாதத் தவணை கட்டுபவர் அவர். பெட்டி சரியாக அமையாவிட்டால் அதன் வட்டி யார் தலையில் விடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு விவரக்குறிப்புத் தாளையும் வாசித்தேன்.

பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் இதை மைக் செட் என்போம். மேற்கு மகாராஷ்டிரத்தில் இதன் பெயர் டால்பி. திரையரங்க ஒலிக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயர், வண்டியில் அடுக்கிய எந்தப் பெட்டிச் சுவருக்கும் இங்கே பொதுப்பெயராகிவிட்டது. தொழிலில் இருப்போர் மேலே வைக்கும் பெட்டியை டாப் என்றும் கீழே இருக்கும் தாழ்சுரப் பெட்டியைப் பேஸ் என்றும் சொல்கிறார்கள். டாப் குரலையும் கருவிகளின் உயர்சுரங்களையும் தரும். பேஸ், அதாவது சப்வூஃபர், நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் அந்த அடியைத் தரும். மேற்கு வங்கத்தில் இரண்டு குழுக்கள் பெட்டிச் சுவர்களை எதிரெதிரே நிறுத்தி ஒலிப் போட்டியே நடத்துகின்றன. உத்தரப்பிரதேசத்தில் காவடி யாத்திரை செல்லும் சாலைகளில் லாரி உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளைப் பார்க்கலாம். நண்பரின் மனத்திலும் தொடக்கத்தில் இருந்தது அப்படியொரு சுவரே.

நான் முதலில் கேட்டது அவருடைய குறிப்பேட்டை. கடந்த பருவத்தில் அவர் செய்தவை 41 நிகழ்ச்சிகள். அவற்றில் 33 நிகழ்ச்சிகள் 200 பேருக்கு உட்பட்டவை: மண்டபத்துக்குள் வரவேற்பு, மொட்டைமாடியில் ஹல்தி, குடியிருப்பு வளாகத்தில் பிறந்தநாள், கல்லூரி விடுதியில் பிரிவுபசாரம். ஆறு நிகழ்ச்சிகள் திறந்த திடலில் நடந்தவை. ஊர்வலங்கள் இரண்டே. பெட்டி வாங்க வேண்டியது அந்த 33 நிகழ்ச்சிகளுக்கு என்பது இதிலிருந்தே தெளிவாயிற்று. பெரிய திடலுக்கு மேலும் இரண்டு பெட்டிகளை வாடகைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய அமைப்பை வாங்கிவிட்டு மொட்டைமாடிக்கு அதில் பாதியைத் தூக்கிச்செல்ல வழியில்லை. வாங்குபவர் முதலில் விடைகாண வேண்டிய கேள்விகள் மூன்று: எத்தனை பேர், எந்த இடம், யார் தூக்குவது. நிறுவனப் பெயர் இவற்றுக்குப் பிறகே வருகிறது.

அடுத்தது வாட். கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது இந்த எண்ணைத்தான். பெட்டியின் மேல் 2000 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிக்கும். தொடர்ச்சியாகத் தாங்கக்கூடிய ஆற்றல் அதில் பாதியாகவோ காலாகவோ இருக்கலாம். அதைவிட முக்கியமானது, வாட்டுக்கும் நம் காதுக்கும் இடையிலான உறவு நேர்விகிதத்தில் அமைவதில்லை. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலியளவு 3 டெசிபெல்தான் கூடும். இரண்டு மடங்கு உரத்துக் கேட்பதாக மனிதர் உணர ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபெல் தரும் பெட்டியையும் 98 டெசிபெல் தரும் பெட்டியையும் ஒப்பிட்டால், இரண்டாவதை வாங்குவது ஆம்ப்ளிஃபயரை இருமடங்காக்குவதற்குச் சமம். ஆகவே வாட்டைப் பார்ப்பதைவிட, பெட்டியின் உணர்திறனையும் அது தரக்கூடிய உச்ச ஒலியழுத்தத்தையும் பார்ப்பதே முறை.

அந்த உச்ச ஒலியழுத்தமும் ஒரு மீட்டர் தொலைவுக்குச் சொல்லப்படுவது. திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 128 டெசிபெல் உச்சம் என்று சொல்லப்படும் பெட்டி, 16 மீட்டர் தொலைவில் 104 டெசிபெல் உச்சத்தையே தரும். இசையின் சராசரி அதன் உச்சத்தைவிட 10 டெசிபெல் அளவுக்கேனும் தாழ்ந்திருக்கும் என்பதால், ஆடுபவர் காதில் விழும் சராசரி 94. இன்னொரு பெட்டியைச் சேர்த்தால் 97. இருநூறு பேர் ஆடும் இடத்துக்கு இது தாராளம். இந்த எளிய கழித்தல் கணக்கைப் போட்டுக் காட்டிய மாலையில்தான் நண்பர் தம் மனத்திலிருந்த சுவரை முதன்முறையாகச் சற்றுத் தாழ்த்தினார்.

டாப் பெட்டியில் 12 அங்குலமா, 15 அங்குலமா என்பது இத்தொழிலில் ஓயாத விவாதம். சப்வூஃபர் இல்லாமல் இரண்டே பெட்டிகளை வைத்து நிகழ்ச்சி நடத்துபவருக்கு 15 அங்குலம் பயன்படும். தாழ்சுரம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். சப்வூஃபர் உண்டென்றால் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள வேலையை அது ஏற்றுக்கொள்கிறது. அப்போது டாப் பெட்டியின் பணி, குரலைத் தெளிவாகவும் பக்கவாட்டில் இருப்பவர்களுக்கும் சீராகவும் கொண்டுசேர்ப்பது. கூம்பின் விட்டம் பெரிதாகப் பெரிதாக இடைச்சுரங்கள் முன்னோக்கிக் குவிந்து, ஓரத்தில் நிற்பவர்களுக்கு மங்கும். 12 அங்குலப் பெட்டி இதில் நன்றாக நடந்துகொள்ளும். எடையும் பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடங்கும். ஒருவரே தூக்கித் தாங்கியின் மேல் ஏற்றிவிடலாம். மணமக்களின் பெயரை ஒலிவாங்கியில் சொல்லும்போது கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் அது புரிய வேண்டும் என்பதே என் அளவுகோல்.

ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகையா, வெளியே தனியாக இருக்கும் பாசிவ் வகையா என்பதில் நாங்கள் பல நாள்கள் பேசினோம். பாசிவ் பெட்டிகளை உள்ளூர்த் தச்சர்கள் பிளைவுட்டில் செய்து தருகிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரை மட்டும் வாங்கிப் பொருத்தினால் போதும். கூம்பு கிழிந்தால் அதே நகரில் மறுகூம்பு போட்டுத்தர ஆள்கள் உண்டு. விலையும் குறைவு. ஆக்டிவ் பெட்டியில் ஒலியைப் பிரிக்கும் க்ராஸ்ஓவரும், வரம்பு மீறும்போது அடக்கும் லிமிட்டரும் ஆலையிலேயே அந்த ஸ்பீக்கருக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை பழுதானால் உதிரிக்காகக் காத்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு உற்சாகத்தில் யாரேனும் ஒலியைக் கூட்டும் தொழிலில், ஸ்பீக்கரைக் காப்பாற்றும் லிமிட்டரின் மதிப்பு பெரிது. தனி ஆளாகப் பயணிப்பவருக்கு ஆம்ப்ளிஃபயர் அடுக்கைத் தூக்கும் சுமையும் இல்லை. பழுது பார்க்கும் நிலையம் நகரிலேயே இருக்கும் நிறுவனமாகப் பார்த்து ஆக்டிவ் வாங்குவது என்று முடிவாயிற்று.

சப்வூஃபர்தான் உண்மையான தலைவலி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஒரு மீட்டர்கூட அகலமில்லாத பெட்டி அத்தனை நீள அலையை ஒரு பக்கமாகச் செலுத்த முடியாது. ஒலி எல்லாத் திசையிலும் பரவும். மேலும், சுரம் ஓர் எட்டு இறங்கி அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியழுத்தத்தைத் தர நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். தாழ்சுரம் எடையும் பணமும் கேட்பதன் காரணம் இதுவே. விவரக்குறிப்பில் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதாகச் சொல்லும் பெட்டிக்கும் 40 ஹெர்ட்ஸோடு நிற்கும் பெட்டிக்கும் விலையில் பெரும் வேறுபாடு. நண்பர் வாசிக்கும் பாடல்களை அலைமாலைக் காட்டியில் ஓடவிட்டுப் பார்த்தோம். திருமணத்தில் ஆடப்படும் இந்திப் பாடல்களிலும் மராட்டிப் பாடல்களிலும் முரசடியின் பெருந்திறன் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் கிடந்தது. அதற்குக் கீழுள்ளவற்றுக்காகக் கடன் வாங்குவதில் பொருளில்லை.

பதினெட்டு அங்குலம் ஒன்றா, பதினைந்து அங்குலம் இரண்டா? பரப்பளவைக் கணக்கிட்டால் இரண்டு 15 அங்குலக் கூம்புகள் சேர்ந்து ஒரு 18 அங்குலக் கூம்பைவிட ஏறக்குறைய 39 விழுக்காடு அதிகம். 18 அங்குலப் பெட்டி தனியாக ஆழமாக இறங்கும். ஆனால் 40, 50 கிலோ எடையுள்ள அதை மூன்றாம் மாடிக்கு ஏற்ற இரண்டு வலுவான ஆள்கள் வேண்டும். 15 அங்குலப் பெட்டிகளில் மொட்டைமாடி ஹல்திக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோகலாம், மண்டபத்துக்கு இரண்டு. ஒன்று பழுதானாலும் நிகழ்ச்சி நின்றுபோகாது. ஒப்புக்கொண்ட திருமணத்தில் பேஸ் இல்லாமல் நின்றால் அந்த ஊரில் அடுத்த அழைப்பு வராது என்று நண்பர் சொன்னார். இரண்டு டாப், இரண்டு பேஸ், தாங்கிகள், கம்பிகள் எல்லாம் டாட்டா ஏஸ் வண்டியில் பாதி இடத்தில் அடங்கிவிடும். சோட்டா ஹாத்தி என்று வட இந்தியா முழுவதும் செல்லமாக அழைக்கப்படும் அந்தச் சிறு வண்டியை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டால் வாடகையும் பாதியாகும்.

வாங்குவதைப் போலவே வைப்பதிலும் கணக்கு உண்டு. மேடையின் இருபுறமும் ஒவ்வொரு பேஸ் வைப்பது கண்ணுக்கு அழகு, காதுக்குக் கேடு. 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.7 மீட்டர். இரண்டு பெட்டிகளிலிருந்தும் வரும் தொலைவுகளுக்கிடையே அதில் பாதி வேறுபாடு இருக்கும் இடங்களில் இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். நாலடி தள்ளி நிற்பவர் பேஸ் வேலை செய்யவில்லை என்பார். டிஜே அதைக் கேட்டு ஒலியைக் கூட்டுவார். இரண்டையும் அருகருகே சேர்த்து வைத்தால் அவை ஒரே பெட்டிபோல் இயங்கி, தனியொரு பெட்டியைவிட 6 டெசிபெல் வரை கூடுதலாகத் தரும். மண்டபத்துக்குள் அவற்றைச் சுவரோடு ஒட்டிவைத்தால் சுவரும் துணைசெய்யும். காசு செலவில்லாமல் கிடைக்கும் டெசிபெல்கள் இவை. இவற்றைப் பயன்படுத்தாமல் மூன்றாவது பெட்டி வாங்குபவர்களே மிகுதி.

திறந்தவெளியில் இன்னொரு வழியும் உண்டு. இரண்டு பேஸ் பெட்டிகளில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி, அதன் முனைமையை மாற்றி, இரண்டு மூன்று மில்லிநொடிகள் தாமதப்படுத்தினால், பின்புறம் செல்லும் தாழ்சுரம் பெருமளவு அடங்கிவிடும். முன்புறத்தில் சிறிது இழப்பு உண்டு. மேடையின் பின்னாலுள்ள வீடுகளுக்கோ பெரும் நிம்மதி. இதைக் கார்டியாய்ட் அமைப்பு என்பார்கள். க்யூஎஸ்சி நிறுவனத்தின் கேஎஸ்212சி போன்ற சில பெட்டிகள் ஒரே உடலுக்குள் இதைச் செய்கின்றன. எங்கள் தொகைக்கு அது எட்டாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியே தாமதம் அமைக்கக்கூடிய சிறிய செயலி ஒன்று இருந்தால் சாதாரணப் பெட்டிகளைக் கொண்டே இதைச் செய்யலாம். பேஸ் இரண்டாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு இதுவே முதன்மையான காரணம்.

சில்லறைச் செய்திகள் சில. மண்டபச் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பொருத்திகளில் எல்லாவற்றையும் செருகுவதைவிட, 16 ஆம்பியர் பொருத்தியிலிருந்து தனி வரி எடுப்பது பாதுகாப்பு. நிலத்தொடுப்பு இல்லாத இடத்தில் இரைச்சலும் ஆபத்தும் சேர்ந்தே வரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கி உள்ள பெட்டி நல்லது. போஸ் எஸ்1 ப்ரோ போன்ற மின்கலப் பெட்டிகள் ஐம்பது பேருக்குள் நடக்கும் விழாவுக்கு அருமையானவை; பெரிய ஆட்டத்துக்குப் போதா. எந்தப் பெட்டியிலும் புளூடூத் வழியே டிஜே வாசிக்கக் கூடாது. அதில் நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதம் உண்டு. கை ஒரு தாளத்திலும் காது வேறு தாளத்திலும் போய்விடும். கம்பியே கதி.

இனி சட்டம். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு விதிக்கப்பட்ட அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. அமைதி வலயத்துக்கு 50, 40. ஒலிபெருக்கி பயன்படுத்தும் பொது இடத்தின் எல்லையில், அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75 டெசிபெல், இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்குள் தவிர, ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த விரிவான தீர்ப்பு இந்த இரவுக் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. டிஜே தொழிலில் நுழைபவர் பெட்டியின் விலையை அறிவதற்கு முன் அறிய வேண்டிய எண்கள் இவை.

இந்த எண்கள் அனைத்தும் டெசிபெல்-ஏ என்ற அளவையில் சொல்லப்பட்டவை. மனிதக் காது மெல்லிய ஒலிகளில் தாழ்சுரத்தைக் குறைவாகவே உணர்கிறது என்பதால், இந்த அளவை தாழ்சுரத்துக்குக் கழிவு தருகிறது. 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபெல், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபெல் கழிக்கப்படும். ஒரு குடியிருப்பின் எல்லையில் 50 ஹெர்ட்ஸ் முரசடி 95 டெசிபெல் அளவுக்கு அதிர்ந்தாலும், காவலர் கையிலுள்ள கருவி அதற்கு 65 என்றே காட்டும். விதி அனுமதிக்கும் பகல்நேர உச்சவரம்பும் அதே 65. இதோடு கட்டடங்களின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. சுவர் உயர்சுரங்களை நன்றாகத் தடுக்கும்; தாழ்சுரத்தைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். பாடல் வெளியிலேயே நின்றுவிட, அடி மட்டும் படுக்கையறைக்குள் நுழைகிறது. சன்னல் கண்ணாடி நடுங்கியது என்று முறையிடுபவரும், கருவி வரம்புக்குள் காட்டியது என்று சொல்லும் டிஜேயும் இருவருமே உண்மை பேசியிருக்கக்கூடும். ஒரே ஒலியை இரண்டு விதமாக அளந்த இருவர் அவர்கள்.

கேட்பவர் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியிடப் பாதுகாப்புக்கான பரிந்துரை ஒன்றின்படி 85 டெசிபெல்-ஏ ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் பதினைந்தே நிமிடங்கள். ஆடுபவர் ஓரிரவு ஆடிவிட்டுப் போவார். டிஜே ஆண்டுக்கு நாற்பது இரவுகள் அங்கேயே நிற்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தரநிலை, அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. நண்பரின் பட்டியலில் நான் சேர்த்த மிக மலிவான பொருள் ஒரு சோடி காதடைப்பான். பெட்டிகளை மாற்றி வாங்கலாம். உள்காதின் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இத்தனையையும் நான் அடுக்கி முடித்தபோது நண்பர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: “நீங்கள் சொல்லும் கணக்கு எல்லாம் சரி. ஆனால் எங்கள் தெருவில் ஏப்ரல் 14 அன்று பேஸ் அதிரும்போது என் அம்மா வாசலில் வந்து நிற்பார். ஊரின் நடுத்தெருவில் எங்கள் பாட்டு கேட்கும் ஒரே நாள் அது. மெதுவாக வை என்று எங்களிடம் சொல்பவர்கள் எல்லோரும் டெசிபெலை மனத்தில் வைத்துச் சொல்வதில்லை.”

இதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. 2015இல் ஷீரடியில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவருடைய அலைபேசியின் அழைப்பொலியாக அம்பேத்கர் பாடல் ஒலித்ததிலிருந்தே தகராறு தொடங்கியதாகச் செய்திகள் பதிவுசெய்தன. அலைபேசியின் ஒலிபெருக்கி கட்டைவிரல் நகத்தளவுகூட இராது. எந்த விதியின் எந்த வரம்பையும் அது தாண்டியிருக்காது. மணமகன் குதிரையேறி வந்ததற்கும் ஊர்வலத்தில் டிஜே ஒலித்ததற்கும் தலித் திருமண ஊர்வலங்கள் தாக்கப்படும் செய்திகளை வட மாநிலங்களிலிருந்து ஒவ்வோராண்டும் வாசிக்கிறோம். தெருவில் யாருடைய ஒலி விழா, யாருடைய ஒலி தொல்லை என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. முகம் சுளிக்கும் நம் கல்விப்புலத்தார், தம் சுளிப்பில் எவ்வளவு பங்கு காதுடையது, எவ்வளவு பங்கு வேறொன்றுடையது என்று ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.

அதே நேரத்தில், சன்னலுக்குப் பின்னால் படுத்திருக்கும் இதயநோயாளிக்கும் நாளைக்குத் தேர்வெழுதும் சிறுமிக்கும் நம் வரலாறு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தத் தெருவிலும் அவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. நீதிமன்றங்களும் இந்த இழுபறியில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2018இல் விநாயகர் ஊர்வலக் காலத்தில் டிஜே, டால்பி மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்த மும்பை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2019இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரப்பிரதேசத்தில் டிஜேக்களுக்கு விதித்த ஒட்டுமொத்தத் தடையை 2021இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தொழிலை முற்றாகத் தடுக்காமல், விதிகளுக்குட்பட்டு நடத்தவிடுவதே அதன் விளைவு. அந்த விதிகளுக்குள் நின்றுகொண்டு முழுமையாக ஒலிப்பது எப்படி என்பது, ஆகவே, தொழில்நுட்பக் கேள்வியும்கூட.

நான் நண்பரிடம் சொன்னது இதுதான். உரத்து ஒலிப்பதும் நன்றாக ஒலிப்பதும் வேறு வேறு. உருக்குலைந்த ஒலியைக் காது உண்மையான அளவைவிட உரத்ததாகவும் வெறுப்புக்குரியதாகவும் எடுத்துக்கொள்ளும். திறனுக்கு மேல் முறுக்கப்பட்ட மலிவான பெட்டிச் சுவரைவிட, திறனில் பாதியில் ஓடும் நல்ல பெட்டிகள் ஆடுபவரின் நெஞ்சை நன்றாகவே அதிரவைக்கும். பேஸ் இரண்டையும் கார்டியாய்டாக அமைத்து, ஊர்வலத்தின் திசையை நோக்கித் திருப்பினால், பாட்டு நம்முடன் வருபவர்களுக்குக் கிடைக்கும். பின்னால் விட்டுவந்த மருத்துவமனைக்குப் போகாது. முறையிட ஒருவருக்குக் காரணம் வேண்டுமென்றால் அதை நாம் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியில் வாங்கியவை: 12 அங்குல ஆக்டிவ் டாப் இரண்டு, 15 அங்குல ஆக்டிவ் பேஸ் இரண்டு, தாமதம் அமைக்கும் செயலி ஒன்று, தாங்கிகள், உறைகள், எக்ஸ்எல்ஆர் கம்பிகள், காதடைப்பான். டாப் இரண்டும் புதியவை. பேஸ் இரண்டும் தொழிலை விட்டு வெளியேறிய ஒருவரிடமிருந்து பயன்படுத்திய நிலையில் கிடைத்தன. வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுரத்தைச் செலுத்தி, கூம்பு உரசுகிறதா, பெட்டியில் எங்கேனும் காற்று கசிகிறதா என்று கேட்டுப் பார்த்தோம். பயன்படுத்திய பேஸ் வாங்குபவர் எவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பாடலைப் போட்டுப் பார்த்தால் குறை பாடலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒற்றைச் சுரத்தில் ஒளிய இடமிருக்காது. மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். மீதியைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கான அனுமதிக் கடிதத்தோடு ஒரு வரைபடத்தையும் இணைத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தார். பாதையில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனைக்கு இருபுறமும் நூறு மீட்டருக்குப் பேஸ் முற்றிலும் நிறுத்தப்படும் என்று அதில் குறித்திருந்தார். அன்று அவ்வாறே செய்யப்பட்டது. அந்த இருநூறு மீட்டரையும் மக்கள் கைதட்டியும் பாடியும் கடந்தார்கள். முனை திரும்பியதும் பேஸ் மீண்டும் எழுந்தது. அவருடைய அம்மாவும் அன்று ஊரிலிருந்து வந்திருந்தார். இரவு 9.40க்குக் கடைசிப் பாடல். பத்து மணிக்கு முன்பே கம்பிகள் சுருட்டப்பட்டுவிட்டன. கடனில் இதுவரை நான்கு தவணைகளை டிஜே வருமானத்திலிருந்தே கட்டியிருக்கிறார். ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் எழுதப்பட்டு வருகிறது.